கூலியோடு தீர்ந்ததா கடன்?

தசரா இரவுகளில் மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் எரிகின்றன. ஆனால் சிவசமுத்திரத்துக் காவிரியின் மின்சாரம் 1902இல் முதலில் போய்ச் சேர்ந்தது, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு. மைசூர் நகரம் 1908 வரை காத்திருந்தது. தங்கம் சமஸ்தானத்துக்கு ராயல்டி தந்தது, காத்திருந்ததில் நஷ்டமில்லை. அந்தத் தங்கத்தை வெட்டியவர்களுக்கு மைசூர் பட்ட கடன் தீர்ந்துவிட்டதா?

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், குழிக்குள் இறங்கினார்கள். கூலி வாங்கினார்கள், கணக்கு முடிந்தது என்பார்கள் சிலர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பண்ணையார் களத்தில் படி நெல்லுக்கு நின்றவர் கையில் இங்கே காசு புழங்கியது. பௌத்த சங்கம் வேரூன்றியது. பௌத்தம் தழுவிய தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் மறைந்தபின் அவருடைய 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. ஊரில் தலைநிமிர விடாத சாதியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது சிறிய விஷயமல்ல.

ஆனால் விலை பேசியது உழைப்புக்குத்தான், நுரையீரலுக்கு அல்ல. பாறையைத் துளைக்கையில் எழும் கல்தூசி நெஞ்சில் படிந்து சிலிகோசிஸ் ஆகும். நஷ்டஈட்டுக்குரிய நோயாக அது சட்டத்தில் ஏறியது 1940இல்தான். அந்தப் பத்தாண்டில் சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்நோய் கண்டிருந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கவோ 1897லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளியின் மடியில் ஒளிந்த துகளைத் தேடத் தெரிந்த அரசுக்கு, அதே உடம்பின் நெஞ்சில் படிந்த தூசியைப் பார்க்க இன்னும் நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின. இது அறியாமை அல்ல. எது பெரிதென்று முன்பே முடிவு செய்துவிட்டதன் விளைவு.

1956இல் மைசூர் அரசே சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கங்கள் அவை. மேலே மிஞ்சியவை, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மலைகள். காற்றுக் காலத்தில் அவற்றின் தூசி தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் வருகிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகள் அதை மூச்சில் வாங்குகிறார்கள். அவர்கள் குழிக்குள் இறங்கவில்லை, அதற்குக் கூலியும் வாங்கவில்லை. கணக்கு முடிந்தது என்று அவர்களிடம் சொல்ல வழியில்லை. அந்த மலைகளை மூடி மரம் வைப்பதும், நெஞ்சு நோய்க்கு மருத்துவம் பார்ப்பதும் அரசின் கருணையல்ல, பாக்கி.