கருணையும் கட்டுப்பாடும்

பிற உயிர்களுக்குத் துன்பம் இழைக்காமையே அகிம்சை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. ஆனால் வாழ்க்கையில் எழும் தர்மசங்கடங்கள் யாவும் இந்த எளிய விளக்கத்திற்குள் அடங்கிவிடுவதில்லை. கட்டியைக் கீறும் மருத்துவர் வலியைத் தருகிறார். எனினும் அவரை இம்சை செய்பவர் என்று எவரும் சொல்வதில்லை. நோயாளி அந்த வலியைத் தாமே விரும்பி ஏற்கிறார். சம்மதம் தெரிவிக்க இயலாத ஓர் உயிரின் உடலில் மனிதன் கத்தி வைக்கும்போது, அது கருணையா, ஆதிக்கமா?

தெருவிலிருந்து மீட்ட நாய்களைப் பேணும் காப்பகங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒரு நாயைத் தத்து கொடுக்கும் முன்பே அதற்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது பொறுப்புள்ள காப்பகங்களின் வழக்கம். இதைக் கேட்டு இரக்க மனம் படைத்த பலர் தயங்குகின்றனர். வாயில்லா ஜீவனின் தாய்மையைப் பறிப்பது பாவம் அல்லவா என்று வினவுகின்றனர். அத்தயக்கம் அன்பிலிருந்து பிறப்பது. ஆகவே அதைப் புறந்தள்ளாமல் ஆராய்வதே முறை.

சரணடைந்த உயிர்

மகாபாரதத்தின் மகாப்ரஸ்தானிக பர்வத்தில், தம்பியரையும் திரௌபதியையும் வழியில் இழந்த யுதிஷ்டிரரை இறுதிவரை பின்தொடர்ந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் அழைத்தபோது அவர் மறுத்தார். அண்டி வந்த உயிரைக் கைவிடுவதால் கிடைக்கும் சொர்க்கம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த நாயே தர்மதேவதை என்பது பின்னர் வெளிப்பட்டது.

இக்கதை கேட்போர் நெஞ்சை உருக்குகிறது. ஆனால் அதன் உட்பொருள் உருக்கத்தோடு முடிவதில்லை. சரணடைந்த உயிரைக் கைவிடலாகாது என்றால், அவ்வுயிர் ஈனும் குட்டிகளையும் கைவிடலாகாது. ஒரு நாயை வீட்டிற்கு அழைத்து வருபவர், அதன் சந்ததியின் நிலைக்கும் பொறுப்பாளர் ஆகிறார்.

இயற்கை என்னும் வாதம்

இனப்பெருக்கம் இயற்கையின் நியதி. அதில் மனிதன் தலையிடலாகாது என்பர் சிலர். காட்டில் வாழும் ஓநாயைக் குறித்து இவ்வாறு கூறினால் அது பொருந்தும். நாயோ பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதனைச் சார்ந்தே வாழ்ந்து வருகிறது. அதன் உணவு மனிதனின் எச்சில். அதன் உறைவிடம் மனிதனின் தெரு. பெரும்பாலும் அதன் மரணமும் மனிதனாலேயே நேர்கிறது.

மேற்கு வங்கத்தில் தெருநாய்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை அவர்கள் கவனித்து வந்தனர். அவற்றுள் இனப்பெருக்கப் பருவத்தை எட்டியவை 19 சதவீதம் மட்டுமே. நேர்ந்த இறப்புகளில் 63 சதவீதத்திற்கு மனிதரின் செயல்கள் காரணமாயிருந்தன. தாய்மை என்று போற்றப்படுவதன் மறுபக்கம் இது. ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாலையில் மடிவதைக் காணும் தாய் நாய்க்கு, இயற்கையின் பெயரால் எவரும் எந்த நன்மையும் செய்துவிடவில்லை.

1926-இல் எழுந்த விவாதம்

அகமதாபாத்தில் ஆலை உரிமையாளர் ஒருவர் தம் ஆலை வளாகத்தில் திரிந்த சுமார் அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். 1926-இல் இது குறித்துக் காந்தியடிகள் 'யங் இந்தியா' இதழில் தொடர்ந்து எழுதினார். அச்செயலை அவர் முற்றிலும் கண்டிக்கவில்லை என்பது பலருக்கு அதிர்ச்சி அளித்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தெருநாய்க்கு ஒரு துண்டு ரொட்டியை வீசிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக எண்ணுவது போலிக் கருணை என்பதும், நாயைப் பேண விரும்புபவர் அதற்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அவரது நிலை.

அன்று சமூகத்தின் முன் இருந்தவை இரண்டு வழிகள்: கொல்வது, அல்லது பொறுப்பின்றி உணவிடுவது. மூன்றாவது வழி பின்னரே திறந்தது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964-இல் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் பணியைத் தொடங்கியது. நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த மாநகராட்சி 1996-இல் அவ்வழியை ஏற்றது. ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை 24,986 நாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் அளிக்கப்பட்டன. அப்பகுதியில் நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்தது. மனிதருக்கு ரேபிஸ் நோய் ஏற்படுவதும் நின்றது. 2001-இல் மத்திய அரசு இதற்கென விதிகளை வகுத்தது. 2023-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. காந்தியடிகளின் காலத்தில் இல்லாத இவ்வழி, கொல்லாமலும் கைவிடாமலும் இருப்பதற்கு இடமளிக்கிறது.

வாக்குறுதியும் செயலும்

தத்து எடுத்தவரே பின்னர் சிகிச்சை செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாகாதா? வாக்குறுதி அளிக்கும்போது பெரும்பாலோர் உண்மையாகவே அளிக்கின்றனர். ஆனால் நாள்கள் செல்கின்றன; வேலைகள் சூழ்கின்றன; செலவை எண்ணி மனம் தள்ளிப்போடுகிறது. பெட்டை நாய் சினையுற்றபின் சுமார் 63 நாள்களில் நான்கோ ஆறோ குட்டிகள் பிறந்துவிடுகின்றன. கடுவன் குட்டிகளைக் கேட்டுப் பெறுவோர் உண்டு. பெட்டைக் குட்டிகள் பெரும்பாலும் தெருவுக்கே திரும்புகின்றன. ஒன்றைக் காத்ததன் பயனாகப் பல உயிர்கள் அநாதைகளாகின்றன. ஆகவே காப்பகத்திலேயே சிகிச்சையை முடித்து, தையல் ஆறியபின் அனுப்புவது, தத்து எடுப்பவரின் மனவுறுதியைச் சோதனைக்கு உள்ளாக்காமல் காக்கிறது.

இதனால் அந்த நாய்க்கும் நன்மை உண்டு. பெட்டை நாய்களுக்கு உயிரையே பறிக்கக்கூடிய கருப்பைச் சீழ்நோய் தவிர்க்கப்படுகிறது. உரிய காலத்தில் செய்தால் மடிக்கட்டிகள் தோன்றும் வாய்ப்பும் குறைகிறது. எனினும் விதியை இயந்திரம் போல் செயல்படுத்துவது அறமாகாது. மெலிந்த நாய் தேறும்வரை பொறுக்க வேண்டும். பெரிய உடல்வாகு கொண்ட சில இனங்களுக்கு மிக இளவயதில் செய்வது மூட்டுகளைப் பாதிக்கக்கூடும். அத்தகைய குட்டிகளைத் தத்து கொடுக்கையில், மருத்துவர் குறிக்கும் நாளில் திரும்ப அழைத்துவர எழுத்துமூல உறுதி பெறுவதும், காப்பகமே நினைவூட்டி அதை நிறைவேற்றுவதும் தகும். மயக்க மருந்து, வலிநீக்கி, தூய்மை, பயிற்சி பெற்ற கரங்கள் ஆகியவை இல்லாத இடத்தில் நல்ல நோக்கமும் இம்சையாக மாறிவிடும்.

பெற்றவர் பட்ட கடன்

குழந்தையின் சம்மதம் இன்றியே பெற்றோர் அதற்குத் தடுப்பூசி போடுகின்றனர் என்று இதற்கு உவமை கூறுவர். அவ்வுவமை முழுமையாகப் பொருந்தாது. தடுப்பூசியால் குழந்தை எதையும் இழப்பதில்லை. நாயோ, தன் நலத்திற்காக மட்டுமின்றி, பிறக்கவிருந்த உயிர்களின் நலத்திற்காகவும் சமுதாயத்தின் அமைதிக்காகவும் ஒன்றை இழக்கிறது. இந்த இழப்பை இல்லை என்று மறுப்பது நேர்மையன்று.

இழக்கச் செய்தவன் கடனாளி ஆகிறான். அக்கடனை அடைக்க ஒரே வழி, அந்த உயிரை அதன் இறுதி மூச்சுவரை பேணுவதாகும். 2025 ஆகஸ்ட் 22-இல் தெருநாய்கள் தொடர்பாக ஆணையிட்ட உச்ச நீதிமன்றமும், விரும்புவோர் தத்து எடுக்கலாம், ஆனால் தத்து எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரலாகாது என்று வலியுறுத்தியது. சட்டம் வெளியிலிருந்து கூறுவதை மனச்சாட்சி உள்ளிருந்து கூற வேண்டும்.

தனது வசதிக்காகக் கருத்தடை செய்துவிட்டு, முதுமையில் அந்த நாயைச் சங்கிலியில் கட்டி மறந்துவிடுபவன் செய்தது ஆதிக்கமே. அதே சிகிச்சையைச் செய்து, பார்வை மங்கி நடை தளர்ந்த காலத்திலும் அதன் அருகே அமர்ந்து உணவூட்டுபவன் செய்தது கருணை. கத்தி இருவரிடத்தும் ஒன்றே. அதற்குப்பின் வரும் பத்து, பதினைந்து ஆண்டுகளே அச்செயலின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. அண்டி வந்த உயிரை இறுதிவரை விடாதிருந்த யுதிஷ்டிரரின் உறுதி, தத்து எடுக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் அந்த ஆண்டுகள் முழுவதும் நிலைபெற வேண்டும்.