பழசு என்று சொல்பவர் யார்?

வெள்ளவத்தைக் காலி வீதியிலே, கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றின் முன்னால் மாலை வேளையிற் சற்று நின்று நோக்குவோமாயின் ஒரு காட்சியை நாம் காணக்கூடும். முதிய தாயொருத்தி கைப்பையிலிருந்து பழைய தொலைபேசியொன்றை எடுத்து நீட்டுவாள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் மகன் முன்னொரு விடுமுறையிற் கொண்டுவந்து கொடுத்தது அது. கண்ணாடி உடையவில்லை, பற்றரி தளரவில்லை, ஆயினும் மகனின் முகம் திரையில் வருவதில்லை. கடைத் தம்பி சிறிது நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பழசு. இதுக்கு இனி அப்டேட் வராது. புதுசு ஒண்டு வாங்குங்கோ" என்பான். கொட்டாஞ்சேனையில் அத்தாயின் இடத்திலே, வட்ஸ்அப் குழுவிற் பாடக்குறிப்புப் பெறும் மாணவன் ஒருவன் நிற்கக்கூடும்.

தேயாத பொருளைப் பழசாக்கியவர் யார்? அவருக்கு அவ்வுரிமையை அளித்தவர் யார்? இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமன்று, அறத்தின் கேள்வியுமாகும்.

தீர்க்கக்கூடிய பழுதுகள் பல உள என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். சேமிப்பிடம் நிறைந்திருப்பின் புதிய மென்பொருள் இறங்காது. வேண்டாத படங்களை அகற்றினால் இறங்கும். திகதி பிழையாயிருப்பின் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறவா. திகதியைத் திருத்தினாற் போதும். மின்னேற்றம் குறைந்திருப்பினும் இற்றைப்படுத்தல் தொடங்காது. இறுதி வழியாக, யாவற்றையும் அழித்துக் கருவியை முதல்நிலைக்கு மீட்கலாம். இவையனைத்தையும் நம் கடைத் தம்பி அறிவான். அவனாலும் தீர்க்கவியலாத பழுது ஒன்றே: செய்தவன் கைவிட்டமை.

அண்ட்ரொயிட் மென்பொருளைக் கூகுள் எழுதுகிறது. குவால்கொம், மீடியாரெக் போன்ற சில்லு நிறுவனங்கள் தம் சில்லுக்கு வேண்டிய பகுதிகளை அளிக்கவேண்டும். தொலைபேசி நிறுவனம் இவ்விரண்டையும் தன் கருவிக்கேற்ப இணைக்கவேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விலகினாலும் இற்றைப்படுத்தல் நின்றுவிடக்கூடும். அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடா. செயலிகளை ஆக்குவோரும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்துவிடுவர்.

பாவனையால் வரும் தேய்மானத்துக்குப் புறம்பாக இன்னொரு தேய்மானமும் உண்டென்று, 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். மேலான அல்லது மலிவான இயந்திரம் தோன்றியதும், நன்றாய் ஓடும் பழைய இயந்திரமும் மதிப்பிழந்துபோகும் என்றார். ஆனால் அவர் கண்டது போட்டி விளைவித்த தேய்மானம். இன்று நாம் காண்பதோ, விற்றவனே தொலைவிலிருந்து விளைவிக்கும் தேய்மானம். விலை கொடுத்து வாங்கியவன் உடைமையாளன் எனப்படுகிறான். உடைமையின் ஆயுளைத் தீர்மானிப்பவனோ வேறொருவன்.

கொடுக்க மறுப்பதனால் மட்டுமன்றிக் கொடுப்பதனாலும் இவ்வதிகாரம் தீங்கிழைக்கும். 2018 ஒக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் சம்சுங் நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. புதிய கருவிக்கென ஆக்கிய மென்பொருளைப் பழைய நோட் 4 கருவியில் ஏற்றுமாறு பாவனையாளரைத் தூண்டியதும், அதனாற் கருவிகள் பழுதுற்றதுமே குற்றம்.

இவ்விடத்தே ஒரு மறுப்பு எழலாம். மென்பொருள் ஆக்குவதும் உழைப்பே; ஒருமுறை பெற்ற விலைக்காக என்றென்றும் உழைக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்துவது நீதியோ? ஓட்டை நிறைந்த பழைய பதிப்பிலே வங்கிச் செயலி இயங்க மறுப்பது பாவனையாளரின் நன்மைக்கன்றோ? இம்மறுப்பை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஆயின் எல்லையை வகுத்தது இயற்கையன்று. இரண்டு மூன்று ஆண்டுகளே இயலும் என்றிருந்த காலம் போய், 2023இல் கூகுள் தன் பிக்சல் 8 கருவிக்கும், 2024இல் சம்சுங் தன் எஸ்24 கருவிக்கும் ஏழாண்டு வாக்களித்தன. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், விற்பனை முடிந்தபின்னும் குறைந்தது ஐந்தாண்டு இற்றைப்படுத்தலைக் கோருகிறது. அவ்வாக்குறுதிகள் விலையுயர்ந்த கருவிகளுடன் தொடங்கின. அச்சட்டமோ ஐரோப்பியச் சந்தைக்குரியது. 2022இல் நம் ரூபா சரிந்து, டொலரொன்று 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவரை ஏறிய நாட்டிலே, "புதுசு வாங்குங்கோ" என்பது அறிவுரையாகாது.

மனமிருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் சான்றுண்டு. இணையத்தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலாபநோக்கற்ற சேவை, 2020 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. 7.1.1க்கு முந்திய அண்ட்ரொயிட் கருவிகளிலே, தன் சான்றிதழைக் கொண்ட தளங்கள் 2021 செப்டெம்பரின் பின் திறவாமற் போகலாம் என்றது. அந்நாளில் அத்தகைய கருவிகள் மொத்த அண்ட்ரொயிட் கருவிகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. அடுத்த மாதமே வழியொன்று கண்டு, அக்கெடுவை 2024வரை நீட்டியது. அக்கருவிகளை அது செய்யவுமில்லை, விற்கவுமில்லை. எவ்வகையிலும் தனக்குக் கடன்படாதவரையும் அது நினைவிற் கொண்டது.

ஆகவே நாம் கோருவது முடிவற்ற உழைப்பையன்று. கைவிடுபவன் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும் என்பதே. லினேஜ்ஓஎஸ் போன்ற பொதுமுயற்சிகள், நிறுவனங்கள் கைவிட்ட பல கருவிகளுக்குப் புதிய அண்ட்ரொயிட்டை ஆக்கி வழங்குகின்றன. ஆனால் சில நிறுவனங்கள் தொடக்கப் பூட்டைத் திறக்க விடுவதில்லை; திறந்தாலோ சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கின்றன. தானும் பேணேன், பிறரையும் பேண விடேன் என்பதே இங்குள்ள அநீதி.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. பாடக்குறிப்பைப் புதிய செயலியொன்றில் மட்டும் அனுப்பும்போது, எந்த மாணவனின் கருவி அதைத் திறக்காது என்று நாம் கேட்டோமா? கேளாவிடின், நிறுவனம் தொடங்கிய கைவிடலை நாமே முடித்துவைக்கிறோம்.

கடை வாசலில் அத்தாய் வெட்கத்துடன் தொலைபேசியைத் திரும்பப் பைக்குள் வைக்கிறாள், தவறு தன்னுடையதென்பதுபோல. அவ்வெட்கம் அவளுக்குரியதன்று. "இது பழசு, அம்மா" என்பதற்குப் பதிலாக, "இதைச் செய்தவங்கள் கைவிட்டிட்டாங்கள், அம்மா" என்று அத்தம்பி சொல்லட்டும். கருவி அதனாற் சீராகாது; ஆயினும் குற்றம் உரிய இடத்திற்குப் போய்ச் சேரும்.