தேவையால் பகிர்வதும் அன்பால் பகிர்வதும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஆடிய விளையாட்டொன்றை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எரிக் கிளாப்பரும் குழுவினரும் 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கியுள்ளனர். காட்சிப்பொருள் ஒன்று களவுபோய், அதனிடத்தில் போலி வைக்கப்பட்டுவிட்டது என்பது கதை. ஆடுவோர் கைக்கணினி ஏந்திக் காட்சிக்கூடங்களில் தடயம் தேடிக் கள்வரைக் கண்டறிய வேண்டும்.

உயிரியலாளர், தொழில்நுட்பர், துப்பறிவாளர் எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. ஒருவருக்குக் கிட்டும் செய்தி மற்றவருக்குக் கிட்டாது. முழு உண்மை எவரிடமும் இல்லை. படித்த பெரியவரும் முன்பின் அறியாத வீட்டுச் சிறுவன் கொணரும் தடயத்துக்குக் காத்திருக்க நேரலாம்.

இங்கே ஒரு வினா எழுகிறது. வெற்றிக்காகப் பகிர்வது அன்பாகுமா? அது பண்டமாற்று அன்றோ? கடைவீதியிலும் நாம் ஒருவரையொருவர் நாடுகிறோம். அதனை உறவு என்பதில்லை.

ஆயினும் தேவையை இழிவாக எண்ணலாகாது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில், பல்வேறு கொடைகளைப் பற்றிக் கூறும் தூய பவுல் உடலையும் உறுப்புகளையும் உவமையாக்குகிறார். உறுப்புகள் ஒன்றுக்கொன்று தேவை. அடுத்த அதிகாரத்திலேயே அவர் அன்பின் மேன்மையைப் போற்றுகிறார். எனவே, தேவை அன்புக்கு வாயிலாகலாம்.

விளையாட்டில் விதி நம்மைக் கேட்க வைக்கிறது. வாழ்விலோ அத்தகைய கட்டாயம் இல்லை. நம் பங்குக் கூட்டங்களில் படிப்பறிவற்ற மூதாட்டியின் சொல்லுக்கு நாம் காத்திருக்கிறோமா? அவரிடமும் இறைவன் ஒரு பகுதி உண்மையை ஒப்படைத்திருக்கக்கூடும் என நம்பி, விதி ஏதுமின்றியே செவிசாய்ப்போமாயின், அங்கே அன்பு தொடங்குகிறது.