வாசலில் எழுதிய மூன்று

எங்கள் வீட்டு வாசல் சுவரில், காலிங்பெல்லுக்குக் கீழே, ஒருவர் சாக்பீஸால் 3 என்று எழுதிவிட்டுப் போனார். 2022 பிப்ரவரி, சென்னை மாநகராட்சித் தேர்தல் நேரம். மறுவாரமே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஆனாலும் அந்த எண் என்னை விட்டபாடில்லை.

அன்று காலையில் வேறொருவர் வந்திருந்தார். பக்கத்துத் தெருப் பெண்மணி, சுயேச்சையாக நின்றவர். நாற்பது வயதிருக்கும். எங்கள் தெரு மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு செலவானது, அது எங்கே போய்ச் சேருகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுமேல் மனு போட்டுக் காகிதம் சேர்த்தவர். கூட அவருடைய தம்பியும் ஒரு கல்லூரிப் பெண்ணும் மட்டும். வாக்காளர் பட்டியலில் விரல் வைத்து, அப்பாவின் பெயரை முழுசாகப் படித்து, "ஐயா இருக்காங்களாம்மா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பட்டியலில் மட்டும் இருந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டார். வடிகால் பற்றிச் சொல்ல வந்ததை எதையும் சொல்லாமலே படியிறங்கினார்.

சாயந்திரம் கட்சிக்காரர் வந்தார். எங்கள் வட்டத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். கையில் பட்டியல் இல்லை. "என்னம்மா, கால் வலி எப்படி இருக்கு? மூணு ஓட்டுதானே?" கேட்டுக்கொண்டே எழுதிவிட்டார். அம்மா தலையாட்டினாள்.

அரசாங்கத்தின் கணக்கில் நாங்கள் நாலு பேர். அவர் கணக்கில் மூன்று. அவர் கணக்குத்தான் சரி.

சரியாகத்தானே இருக்கும்? 2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலை ஓயாத ஒரு ராத்திரி, அப்பாவின் நெஞ்சு நின்றபோது, எதிர்வீட்டுக்காரர்கள்கூடக் கதவைத் திறக்கத் தயங்கினார்கள். இவர் லுங்கியோடு வந்தார். ஐஸ் பெட்டிக்குச் சொன்னார். வண்டி பிடித்தார். மூலக்கொத்தளத்தில் வரிசையில் எங்களுக்கு முன்னால் போய் நின்று, எலும்பு பொறுக்கும்வரை கூட இருந்தார். எட்டு மாதம் கழித்து வரப்போகும் தேர்தல் அன்று எங்கள் யார் மனதிலும் இல்லை. அவர் மனதில் இருந்ததா? இந்தக் கேள்வியை எழுதவே கூசுகிறது. ஆனால் அந்த 3 என்னைக் கேட்க வைக்கிறது.

சுயேச்சைகள் ஏன் தோற்கிறார்கள் என்று கேட்டால் பணம் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் தேர்தலில் 7ஆம் தேதிதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் ஒதுக்கினார்கள். 17ஆம் தேதி மாலை பிரசாரம் முடிந்தது. 19ஆம் தேதி வாக்குப்பதிவு. சென்னையில் 200 வார்டுகள், 61 லட்சம் வாக்காளர்கள். வார்டுக்குச் சராசரி முப்பதாயிரம் பேர். கட்சிச் சின்னத்தைப் பால்வாடிப் பிள்ளையும் சொல்லும். எங்கள் வாசலுக்கு வந்த சுயேச்சைக்குக் கிடைத்த தையல் இயந்திரச் சின்னத்தைப் பத்து நாளில் முப்பதாயிரம் பேர் மனதில் பதிய வைக்க வேண்டும். வார்டுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சாவடிகள். ஒவ்வொன்றிலும் காலையிலிருந்து உட்கார ஒரு ஏஜென்ட் வேண்டும், அவருக்குச் சாப்பாடு வேண்டும். அவரிடம் இருந்ததோ தம்பியும் அந்தக் கல்லூரிப் பெண்ணும்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. வாக்குப்பதிவுக்கு முந்தைய ராத்திரி மூன்று கவர்கள் வந்தன. கொண்டு வந்த பையனிடமே அம்மா திருப்பிக் கொடுத்தாள். "காசு வேணாம்பா. அன்னிக்கு செஞ்சதே போதும்." கவரைத் தொடாமல் ஓட்டை அவர்களுக்கே போட்டாள். பணம் வாங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்பட்டிருப்பேன், அறிவுரை சொல்லியிருப்பேன். விற்கப்படாத ஓட்டோடு நான் என்ன வாதம் செய்ய?

சின்ன வயதில், தண்டையார்பேட்டையில், எங்கள் குடிசை வரிசை ஒருநாள் நடுச்சாமத்தில் பற்றிக்கொண்டது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும், அம்மா ரேஷன் கார்டை ரவிக்கைக்குள் செருகியதும் நினைவிருக்கிறது. விடிவதற்குள் வேட்டி புடவைகளும் அண்டாவில் கஞ்சியும் வந்துவிட்டன. கொண்டு வந்தது ஒரு கட்சி வட்டம். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அப்பா சாகும்வரை அந்தக் கஞ்சியைப் பற்றிப் பேசினார்.

பெரியவனான பிறகுதான் ஒன்று தெரிந்தது. அப்போது சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. 1973இல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996இல்தான் வந்தது. இருபத்து மூன்று வருடம். ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்தது. பிறகு 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி 2022 வரை நாற்காலி காலி. நாற்காலி காலியாகக் கிடந்த அத்தனை வருடமும் வட்டம் மட்டும் காலியாக இல்லை. ரேஷன் கார்டா, தண்ணீர் லாரியா, ஆஸ்பத்திரியில் படுக்கையா, அவர்களைத்தான் போய்ப் பார்த்தோம். அப்படிப் பழகிப்போன கால்களைப் பத்து நாளில் வேறு பக்கம் திருப்ப முடியுமா?

கன்னிமாரா நூலகத்தில் இருபது வருடத்துக்கு முன் ஒரு புத்தகம் படித்தேன். பாதிதான் நினைவிருக்கிறது. நியூயார்க்கை ஆட்டிப் படைத்த டாமனி ஹால் என்ற கட்சி அமைப்பின் வட்டத் தலைவர் ஒருவர், பிளங்கிட் என்று பெயர், ஒரு பத்திரிகையாளரிடம் பேசியதன் தொகுப்பு. 1905இல் வந்தது. எங்காவது தீ என்றால் முதலில் ஓடுவார். வீடிழந்தவர்களுக்குத் துணியும் தங்க இடமும் தேடிக் கொடுப்பார். ஒரே நாளில் ஒரு இத்தாலியரின் சாவுக்கும் ஒரு யூதரின் சாவுக்கும் போய்விட்டு, இரவு கல்யாண வீட்டில் நிற்பார். அதைப் படித்தபோது எங்கள் குடிசைத் தீயின் புகை மூக்கில் ஏறியது. அதே மனிதர், நகராட்சி எந்த நிலத்தை வாங்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதை வாங்கி விற்றுப் பணக்காரர் ஆனவர். அதை மறைக்கவும் இல்லை, நேர்மையான சம்பாத்தியம் என்றே சொல்லிக்கொண்டார். நகரத்தைச் சீர்திருத்த வருகிறவர்களைப் பற்றி அவருக்கு ஒரு உவமை உண்டு. காலையில் அழகாகப் பூத்து, வெயில் ஏறினால் வாடிவிடும் கொடிப்பூ. படித்தபோது கோபம் வந்தது. எங்கள் வாசலில் காகிதத்தோடு தலைகுனிந்து நின்றவரைப் பார்த்தபோது அந்தப் பூ ஞாபகம் வந்தது. வந்ததற்காக என்மேலேயே வெட்கப்பட்டேன்.

ஏனென்றால் 2021 நவம்பர் மழையை நான் மறக்கவில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கட்சிக்காரர் அந்தத் தண்ணீரில் நடந்துவந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார். அதே நாள் இந்தப் பெண்மணி தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனார். பசிக்கு அந்தப் படம் உதவாது. ஆனால் வடிகால் ஏன் வடியவில்லை என்று கேட்டது அவர் ஒருவர்தான். பொட்டலம் கொடுத்தவர் அதைக் கேட்க மாட்டார். அந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே கேட்க மாட்டார் என்பது என் எண்ணம். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் தையல் இயந்திரத்துக்குத்தான் போட்டேன். சாவடியை விட்டு வெளியே வந்தபோது, கட்சிக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். "வெயில்ல நிக்காத, போ" என்றார். மூலக்கொத்தளத்தில் என் தோளைப் பிடித்திருந்த அதே கை அசைந்தது. அப்பாவுக்குத் துரோகம் செய்துவிட்டது போல வயிறு பிசைந்தது. சரியென்று நினைத்ததைச் செய்த பிறகு மனசு இப்படிக் கனக்கலாமா?

சென்னையில் வாக்களித்தவர்களே 43 சதவீதத்தைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தார்கள். 200 வார்டுகளில் சுயேச்சைகள் ஜெயித்தது ஐந்தில். எங்கள் வார்டு அதில் இல்லை. அந்தப் பெண்மணி கட்டிய 4,000 ரூபாய் டெபாசிட்டும் போயிற்று. அடுத்த மாதமே வடிகால் மனுவோடு மண்டல அலுவலக வாசலில் அவரைப் பார்த்தேன். வாடியிருக்கவில்லை.

போன வருடம் எதிர்வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். ராத்திரி இரண்டு மணி. அவர் மகன் வெளியூரில். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். நான் ஃபோனை எடுத்தேன். கட்சிக்காரரின் எண் இருந்தது. தோற்றவரின் எண்ணும் இருந்தது, அவர் வடிகால் பற்றி ஒருமுறை கூப்பிட்டபோது பதிந்துவைத்தது. யோசிக்கவே இல்லை. விரல் கட்சிக்காரர் எண்ணுக்குப் போய்விட்டது. இருபது நிமிடத்தில் வந்துவிட்டார், அதே மாதிரி லுங்கியோடு.

விடிந்ததும் தோற்றவரும் வந்தார். கூட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு, கிளம்பும்போது என்னிடம், "ராத்திரியே சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றார்.

வந்திருப்பாரா? வந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஐஸ் பெட்டிக்காரன் எண் அவரிடம் இருந்திருக்குமா, கேட்டால் அவருக்கு வண்டி கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. யாருமே ராத்திரியில் கூப்பிடாத ஒருவரிடம் அந்த எண்களெல்லாம் எப்படிச் சேரும்? இதில் பிழை கட்சியினுடையதா, என் விரலினுடையதா? இன்னொரு ராத்திரி அப்படி வந்தால் அது எந்தப் பெயரைத் தொடும் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.