உத்தியோகத் துறவு

ஐம்பது வயதைக் கடந்த உத்தியோகஸ்தர் பலருடைய மனத்தில், வெளியே சொல்லத் தயங்கியும் உள்ளுக்குள் ஓயாமலும் எழுந்துகொண்டிருக்கிற கேள்வி ஒன்று உண்டு. இருபது வருஷப் பணி முடிந்துவிட்டது, மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் சர்க்கார் விதிகளின்படியே விருப்ப ஓய்வில் வெளியே வந்துவிடலாம், அப்படி வந்துவிடுவது தர்மமா என்பதே அது. இதைக் காதில் வாங்கியவுடன் பக்கத்தில் இருப்பவர்கள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, பணிக்கொடை எவ்வளவு, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்தால் எவ்வளவு, ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெற்றுக்கொண்டால் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, வீட்டுக் கடனில் பாக்கி எவ்வளவு என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்கு அவசியமானதுதான், அதைப் போட்டுப் பார்க்காமல் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் தன் குடும்பத்துக்கு அநியாயம் செய்கிறான் என்றே சொல்வேன். ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்து, சோற்றுக்கும் மருந்துக்கும் குறைவில்லை என்று தெளிந்த பிறகும் அந்தக் கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

வயது இதற்கு விடை சொல்லும் என்று நம்புவதற்கும் இடமில்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு நெடுங்காலம் 58 என்று இருந்த ஓய்வு வயது, கொள்ளைநோய் பரவிய 2020-இல் 59 ஆயிற்று; அடுத்த வருஷமே 60 ஆயிற்று. ஓர் அரசாணையினால் கூடவும் இன்னோர் அரசாணையினால் குறையவும் கூடிய எண்ணைக் கொண்டு ஓர் ஆத்மா தன் கடமை தீர்ந்ததா இல்லையா என்று நிச்சயிக்க முடியாது. நம் முன்னோர் இந்த விஷயத்தில் எண்ணை நம்பவில்லை. உடம்பிலே திரையும் நரையும் கண்டு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததையும் கண்ட பிறகே கிருஹஸ்தன் வனத்தை நாடலாம் என்று மனு தர்ம சாஸ்திரம் கூறுகிறது. தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட மூன்று கடன்களையும் தீர்க்காமல் மோக்ஷத்தில் மனத்தைச் செலுத்துகிறவன் கீழே போகிறான் என்றும் அதே நூல் எச்சரிக்கிறது. இந்த அடையாளங்களில் ஒன்று உடம்பில் தோன்றுவது, மற்றொன்று வீட்டில் நிகழ்வது, மூன்றாவது மனச்சாட்சிக்கு மட்டுமே தெரிவது. மூன்றும் ஒருங்கே கூடுகிற நாள் ஒவ்வொருவருக்கும் வேறாக இருப்பதனால், ஐம்பதில் விடுகிறவனை அவசரக்காரன் என்றோ எழுபதிலும் விடாதவனைப் பேராசைக்காரன் என்றோ அயலார் தீர்ப்புக் கூறுவதற்கு நியாயம் இல்லை.

எனினும் மனு காட்டுகிற காட்டுவழியைக் காட்டிலும் தொல்காப்பியம் காட்டுகிற வழியே என் மனத்துக்கு இசைகிறது. இல்லற இன்பத்தை நன்கு துய்த்து முடித்த கடைசிக் காலத்தில், கணவனும் மனைவியும் தம் மக்களோடும் சுற்றத்தாரோடும் கூடியிருந்தபடியே, சிறந்தது எதுவோ அதை இடைவிடாது பழகுதல் கழிந்த வாழ்க்கையின் பயன் என்ற கருத்துப்படக் கற்பியலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. அங்கே வனத்தைப் பற்றிய பேச்சு இல்லை. வீட்டை விட்டுப் போகவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஒன்றைப் பழகவேண்டும் என்ற விதி மட்டும் இருக்கிறது. அந்த முதிய பருவத்தை ஆசிரியர் கழிக்க வேண்டிய காலமாகக் கருதாமல் பயிலவேண்டிய காலமாகக் கருதியிருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு மிகுந்த ஆறுதல் உண்டாகிறது. ஓய்வை விரும்புவதே பாவம் என்று அஞ்சுகிறவர்களுக்கும் நம் நூல்களில் ஆறுதல் உண்டு. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரைச் சொல்லவந்த திருவள்ளுவர், தென்புலத்தாரையும் தெய்வத்தையும் விருந்தினரையும் சுற்றத்தாரையும் சொல்லி, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆகவே தன்னைப் பேணிக்கொள்ள ஒருவன் அவகாசம் கேட்பதில் குற்றம் இல்லை. மற்ற நால்வரையும் நினைத்துப் பார்த்த பிறகு கேட்கிறானா என்பதே பார்க்கவேண்டியது.

இந்தப் பரீட்சையை மேலும் நுட்பமாகச் செய்து வைத்திருப்பது பகவத்கீதையின் பதினெட்டாவது அத்தியாயம். விடுவது என்ற செயலையே அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. செய்யவேண்டிய கர்மத்தை மயக்கத்தினால் விடுவது தாமஸம். துன்பமாயிருக்கிறதே, உடம்புக்குக் கஷ்டமாயிருக்கிறதே என்ற பயத்தினால் விடுவது ராஜஸம். அப்படி விட்டவனுக்குத் தியாகத்தின் பலன் கிட்டாது. செய்யவேண்டியது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்துகொண்டு, பற்றையும் பலனையும் மட்டும் விடுவது ஸாத்விகம். விருப்ப ஓய்வைப் பற்றி யோசிக்கிறவர்கள் விண்ணப்பத்தில் காரணத்தை எழுதுவதற்கு முன்னால் இந்த மூன்று சுலோகங்களையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாக வந்த மேலதிகாரி மதிக்கவில்லை, கம்ப்யூட்டரில் புதிய முறை வந்துவிட்டது, தனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது என்பன போன்ற மனக்கசப்புகளின் உந்துதலால் வெளியேறுகிறவன், அந்தக் கசப்பை அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவதில்லை. கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குத் தனி அறையே ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறான்.

இங்கே ஒரு வார்த்தையைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். கீதை பேசுவது கஷ்டத்தைப் பற்றிய பயத்தை; மெய்யாகவே உடைந்துபோன உடம்பை அது பேசவில்லை. முதுகெலும்பு தேய்ந்த பஸ் டிரைவரையும், வகுப்பில் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுபோன ஆசிரியையையும் ராஜஸத் தியாகிகள் என்று பழிக்கிறவர் சாஸ்திரத்தை அறிந்தவராகமாட்டார். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் விருப்ப ஓய்வுத் திட்டத்தின்படி 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78,000 பேர் பணியிலிருந்து விடைபெற்றார்கள். அத்தனை பேர் நெஞ்சிலும் ஒரே காரணம் இருந்திருக்க முடியுமா? பெண்ணின் கல்யாணத்தை நினைத்தவர், படுக்கையில் கிடக்கும் தாயை நினைத்தவர், எதையும் நினைக்க முடியாமல் பக்கத்து மேஜைக்காரர் கையெழுத்திட்டதைப் பார்த்துத் தாமும் இட்டவர் என்று எத்தனையோ விதமானவர்கள் இருந்திருப்பார்கள். வெளியே தெரிகிற செயல் ஒன்றாயிருந்தும் உள்ளே நிகழ்ந்த தியாகம் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணத்தை நம் காலத்தில் காண்பது அரிது.

கை கால்களை அடக்கிக்கொண்டு, மனத்தால் மட்டும் பழைய விஷயங்களையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைக் கீதை மூன்றாவது அத்தியாயத்தில் பொய்யொழுக்கமுடையவன் என்று கடிந்துகூறுகிறது. ஐம்பத்திரண்டாவது வயதில் தாமாகவே பணியை விட்ட என் நண்பர் ஒருவரிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். நல்லவர், கைசுத்தமானவர், தேவார பாராயணம் உள்ளவர். ஆனால் வெளியே வந்து பல மாதங்கள்வரை, காலையில் பத்திரிகையைப் பிரித்தால் அதிகாரிகள் இடமாற்றப் பட்டியலைத்தான் முதலில் தேடுவார். பதினொரு மணிக்கு அலுவலக உதவியாளருக்குப் போன் போட்டு, எந்த செக்ஷனில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார், தாம் எழுதி வைத்த கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்று விசாரிப்பார். நாற்காலியை விட்டுவிட்டார், நாற்காலி அவரை விடவில்லை.

அவரை மீட்டது உழவாரப்பணி. கும்பகோணத்துக்கு அருகே ஒருகால பூஜை மட்டுமே நடக்கிற ஒரு சிவாலயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குழுவினர் போவதுண்டு; வற்புறுத்தி அவரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். நீண்ட மரப்பிடியின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருந்திய கருவி உழவாரம். அதை மண்ணோடு மண்ணாகச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் புல் வேரோடு வரும். நிமிர்த்திப் பிடித்தால் மேலே தலை மட்டும் அறுபட்டு, அடுத்த மழைக்கு மறுபடியும் முளைத்துவிடும். கருங்கல் தளத்தின் இடுக்குகளில் நுழைந்த அருகம்புல்லுக்கு ஒரு கை, விமானத்தின் சுதையில் பிளவு கண்டு இறங்கிய அரசங்கன்றுக்கு வேறு கை. கன்றை வெட்டினால் போதாது, வேர் போன வழியைக் கண்டு அடைக்கவேண்டும். அதிஷ்டானத்தில் படிந்த பழைய சுண்ணாம்பை நீக்கும்போது இரும்பு உதவாது. தேங்காய் நாரையும் தண்ணீரையும் கொண்டு தேய்த்தால்தான் அடியில் இருக்கும் கல்வெட்டு எழுத்துக்குச் சேதம் நேராது. இவற்றையெல்லாம் என் நண்பருக்குச் சொல்லிக்கொடுத்தவன், பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். முப்பது வருஷம் உத்தரவு போட்டுப் பழகிய மனிதர், “ஐயா, இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க” என்று அந்தப் பையன் சொல்ல, சொன்னபடி சாய்த்துப் பிடித்தார். அன்றைக்குத்தான் அவர் உண்மையில் ஓய்வு பெற்றார் என்று நான் கருதுகிறேன்.

உழவாரத்தை எடுத்தவர்களுக்கெல்லாம் குருவான திருநாவுக்கரசர் 81 வயது வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய முதுமையில் நிகழ்ந்தனவாகச் சேக்கிழார் சொல்லும் இரண்டு செய்திகளை இந்தக் கேள்வியோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும். கயிலைக்குப் போயே தீருவது என்று வடக்கே நடந்து, கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, அதுவும் இயலாதபோது புரண்டு சென்ற அந்தப் பெரியவரை, இறைவன் கயிலைக்கு ஏற்றுக்கொள்ளாமல், ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே எழச் செய்தான். எல்லாவற்றையும் விட்டுத் தொலைவிலே போய்விட வேண்டும் என்ற புனிதமான ஆசைக்குக்கூட, புறப்பட்ட தேசத்துக்கே திரும்பிப் போ என்ற விடைதான் கிடைத்தது. அடுத்தது திருப்புகலூரில் நடந்தது. திருமுற்றத்தில் உழவாரம் செலுத்திய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்ற, அவர் அவற்றையும் புல்லையும் பருக்கைக் கல்லையும் ஒன்றாகவே வாரித் திருக்குளத்தில் எறிந்தார். ஓய்வுக்குப் பிறகு செய்கிற தொண்டிலும் தலைவர் பதவி, பொன்னாடை, பத்திரிகையில் படம் என்று பொன்னும் மணியும் தோன்றவே செய்யும். அவற்றை எடுத்து மடியில் கட்டிக்கொண்டால் விட்டுவந்த உத்தியோகத்துக்குள்ளேயே வேறு வாசல் வழியாக நுழைந்ததாக ஆகும்.

முன்கூட்டியே விடுவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. அதை விளக்கும் நிகழ்ச்சி நம் மொழியின் சரித்திரத்திலேயே பதிந்திருந்தும், இந்தக் கோணத்தில் அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் 1826-இல் பிறந்த தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். உடல்நலம் குன்றியபோது, தம் இடத்தை யாருக்காவது போகட்டும் என்று விட்டுவிட்டுப் போக அவர் மனம் ஒப்பவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த சாமிநாதையர் என்ற இளைஞரே அதற்குத் தக்கவர் என்று தேர்ந்து, ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் சம்மதத்தைப் பெற்று, கல்லூரித் தலைவரிடமும் எடுத்துரைத்து, 1880-இல் தம் பதவியை அவர் கையில் ஒப்படைத்தார். அந்த வருஷமே கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், புதிய தமிழாசிரியரிடம் சீவகசிந்தாமணியைப் பற்றி விசாரித்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறிற்று. தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஏட்டுச் சுவடியிலிருந்து உயிர் பெற்று வந்தன. செட்டியார் இன்னும் சில வருஷம் அந்த நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் முதலியாரும் ஐயரும் சந்தித்திருப்பார்களா என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஐயர் பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் வாங்கிய வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்தார். தனக்குப் பிறகு யார் என்று தேடிக் கண்டு, அவனை உட்காரவைத்துவிட்டு எழுந்திருப்பதற்கு ஈடான தானம் உத்தியோக வாழ்க்கையில் வேறு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

ஐயருடைய சொந்த ஓய்வும் கவனிக்கத்தக்கது. 1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து விலகிய அவர் அதன்பின் 23 ஆண்டுகள் இருந்தார். பெருங்கதை 1924-இல் வந்தது, குறுந்தொகை 1937-இல் வந்தது; எண்பத்தைந்தை எட்டிய 1940-இல் தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் மறையும்வரை எழுதினார். ஓய்வு பெற்ற மறுநாள் புதிதாகக் கண்டுபிடித்த பொழுதுபோக்கா அது? நாற்பது வருஷமாகக் கல்லூரிப் பாடம் முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும் சுவடிகளோடு அவர் பழகிய பழக்கம், சம்பளம் நின்ற பிறகும் நிற்காமல் தொடர்ந்தது. வேலையை விட்டபிறகு சம்ஸ்கிருதம் படிப்பேன், தோட்டம் போடுவேன், ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன் என்கிறவர்களை, இந்த வாரம் அதற்கு ஒரு மணி நேரமாவது கொடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். கொடுத்திருக்கிறேன் என்கிறவர் எந்த வயதிலும் விடலாம். இன்னும் இல்லை என்கிறவர், கடிதத்தை எழுதி மேஜைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் அந்தப் பழக்கத்துக்கு வேர் பிடிக்கவிட்டுப் பிறகு கொடுப்பது உத்தமம்.

இவ்வளவும் சம்பாதிக்கிறவரைப் பற்றி. அடுப்படியில் முப்பது வருஷம் நின்றவளுக்குப் பணிக்கொடையும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை. கணவர் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிட்டால், பகல் சாப்பாடும் நான்கு மணிக் காப்பியும் அவளுடைய கணக்கில் புதிதாகச் சேருகின்றன. தம் ஓய்வினால் இன்னொருவருடைய உழைப்பு ஒரு படி ஏறுகிறது என்பதை அறியாமல் ஆத்ம விசாரத்தில் இறங்குகிறவருடைய விசாரம் எங்கே போய் முடியும்? மனுகூட மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்தோ உடன் அழைத்துக்கொண்டோதான் புறப்படச் சொன்னார். பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியர் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். இல்லறத்தை விட்டுப் போகத் தீர்மானித்த அவர் முதலில் செய்த காரியம், மைத்ரேயியை அழைத்து, “நான் இந்த நிலையை விட்டுப் போகிறேன்; உனக்கும் காத்யாயனிக்கும் உரியதைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்” என்ற கருத்தில் அவளிடம் பேசியதுதான். உலகத்துச் செல்வம் முழுவதும் கிடைத்தாலும் அதனால் தான் அமரத்வம் அடைவேனா என்று அந்த அம்மையார் திருப்பிக் கேட்டார். முனிவர் பயணத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். கணவன் மனைவிக்குப் பிரியமானவனாக இருப்பதும், மனைவி கணவனுக்குப் பிரியமானவளாக இருப்பதும், மக்களும் செல்வமும் பிரியமாக இருப்பதும் எல்லாம் ஆத்மாவின் பொருட்டே என்று தொடங்குகிற அந்த மகோபதேசம், மனைவியிடம் சொல்லாமல் அவர் புறப்பட்டுப் போயிருந்தால் நமக்குக் கிடைத்தே இராது.