அறுபது படிகளும் அப்பாவின் செல்போனும்



சுவாமிமலைக்குப் போனவங்களுக்குத் தெரியும். கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர், மேலே சுவாமிநாதன். அப்பா கீழே, பிள்ளை மேலே. நடுவுல 60 படிகள். தமிழ் ஆண்டுகள் அறுபதையும் அவை குறிக்கின்றன. நம்ம நாட்டுச் சட்டத்திலும் 60 வயசு ஆனாத்தான் மூத்த குடிமகன்.

அப்பனுக்கே பாடம் சொன்னவன்னு முருகனைப் பெருமையா பாடுறோம். ஆனா இன்னைக்கு தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு தகப்பன்சாமி இருக்கான். கரண்ட் பில் கட்டணும்னாலும், ரயில் டிக்கெட் எடுக்கணும்னாலும், ஓ.டி.பி. எங்க வந்திருக்குன்னு பார்க்கணும்னாலும் அப்பா நம்மகிட்டதான் கேட்கணும். அத்தனை வருஷம் வரிசையில நின்னு எல்லாத்தையும் தானே முடிச்ச மனுஷர் அவர். "எத்தனை தடவைப்பா சொல்றது? குடுங்க, நானே பண்றேன்"னு போனை வாங்கிடுறோம். வேலை ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடுது. அவர் முகம் மட்டும் சுருங்கிப்போகுது.

என் கேள்வி இதுதான். விஷயம் நமக்குத் தெரியுங்கிறதால, அதிகாரமும் நம்மகிட்ட வந்துடலாமா?

பிரணவத்தின் பொருளை முருகன் சபை நடுவுல உரக்கச் சொல்லல. அப்பாவோட காதுல சொன்னார். மந்திரம் ரகசியம், அதனாலன்னு பெரியவங்க சொல்வாங்க. எனக்கு இன்னொண்ணும் தோணுது. கேட்கிறவரோட மரியாதை குறையாம சொல்றதும் குருவோட கடமை. பாடம் கேட்டதால சிவன் அப்பா ஸ்தானத்துல இருந்து இறங்கிடல.

"டிஜிட்டல் அரெஸ்ட்னு மிரட்டிப் பணம் பறிக்கிற காலம். நாமே பார்த்துக்கிட்டாத்தானே பாதுகாப்பு?"ன்னு கேட்கலாம். பயம் நியாயமானதுதான். ஆனா அந்த மோசடிக்காரன் முதல்ல சொல்றதே, "வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க"ங்கிறதுதான். பிள்ளை திட்டுவான்னு பயப்படுற அப்பா அதையே செய்வார். கூச்சமில்லாம நம்மகிட்ட கேட்க முடிஞ்சா மட்டும்தான், போனை வச்சுட்டு நம்மளைக் கூப்பிடுவார். அதனால மரியாதையும் ஒரு பாதுகாப்புதான்.

அரசாங்கம் செய்ய வேண்டியது தனியா இருக்கு. பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மாசம் 10,000 ரூபாய் வரை தரணும்னு தீர்ப்பாயம் உத்தரவிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருது. 70 வயசு தாண்டினவங்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவர்ற திட்டம் 2025 ஆகஸ்ட்ல தொடங்குச்சு. அதுக்குப் பேரே தாயுமானவர்! பணமும் அரிசியும் இப்படி வந்துடும். பொறுமையை நாமதான் தரணும்.

இந்தக் கிருத்திகைக்கு அம்மாவோட குமரன் குன்றம் ஏறினா, சட்டுனு கையைப் பிடிச்சு இழுக்காம, "கை பிடிச்சுக்கட்டுமாம்மா?"ன்னு கேளுங்க. அப்பா பில் கட்டும்போது பத்து நிமிஷம் ஆனாலும் அவரே பட்டனை அழுத்தட்டும். நாம பக்கத்துல இருந்து, காதோட சொல்வோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏