தீர்ப்புக்குப் பின்னும் நடக்கும் வழக்கு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாளின் திருமேனி மேற்கு நோக்கியிருக்க, திருமுகம் தெற்கே திரும்பியிருக்கும். திருவரங்கம், திருமலை முதலான எட்டு ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்களுள் ஒன்றான இத்தலத்தில், சாளக்கிராமத் திருமேனியாய்ச் சிறிய வடிவிலே எழுந்தருளியிருக்கிறான் எம்பெருமான். அர்ச்சகர் தீபத்தை உயர்த்திக் காட்டும் அந்தச் சில கணங்களில் கண்ணோடு மனத்தையும் அங்கே வைத்தவர்க்கே அத்திருமுகத்தின் திருப்பம் நன்கு சேவையாகும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் அச்சந்நிதியில் நின்றோம். தீபம் உயர்ந்தது, நம் கண்களும் திறந்தே இருந்தன. ஆயினும் நாம் சேவிக்கவில்லை. விசாரணை அதிகாரி முன்பொருநாள் நம்மிடம் கேட்ட நான்காவது கேள்விக்கு, இன்னும் சாமர்த்தியமான ஒரு மறுமொழியை மனம் கோத்துக்கொண்டிருந்தது. தீர்த்தமும் சடாரியும் பெற்று வெளியே வந்து பதினாறுகால் மண்டபத்தருகே அமர்ந்தபோதுதான், இழந்தது இன்னதென்று விளங்கிற்று.

அவ்வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஓய்வு பெறச் சில வாரங்களே இருந்தபோது, ஒரு கடன் கணக்கைக் காட்டி, கடன் பெற்றவரோடு நாம் கூட்டுச்சதி செய்தோம் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பணிக்கொடை நிறுத்திவைக்கப்பட்டது. நெடுநாள் உடன் பணியாற்றியவர்கள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினர். ஆண்டுகள் கழிந்து நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. நிலுவையும் வட்டியோடு வந்தது. அதற்கு நன்றி விண்ணப்பிக்கவே ஸ்ரீமுஷ்ணம் சென்றிருந்தோம். வென்ற பின்னும் மனத்துக்குள் வழக்கு ஏன் ஓயவில்லை என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் வினா.

இது நம் ஒருவரது நோயன்று. தொழிலாளர் சட்டம் அறிந்தோர் பால் அந்தோணி வழக்கை அறிவர். கோலார் தங்கவயலில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் 1985இல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படாமையால், கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்துபோகவும் அவரிடம் பொருளில்லை. விசாரணை ஒருதலையாக முடிந்து வேலையும் போயிற்று. குற்றவியல் நீதிமன்றம் 1987இல் அவரை விடுவித்தது. எனினும் அவரை மீண்டும் பணியில் அமர்த்தி, நிலுவைச் சம்பளத்தையும் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1999 மார்ச் 30இல்தான். சம்பளத்தை நீதிமன்றம் மீட்டுத் தரலாம். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளின் உறக்கத்தை எந்த ஆணை மீட்டுத் தரும்?

இத்தகையோர்க்கு அன்பர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு. “ஸ்ரீவைஷ்ணவன் வழக்காடலாமா? எல்லாம் கர்மவினை, மறந்துவிடும்” என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே யாயினும் இது முழுதும் சரியன்று. வடமொழியில் க்ஷமா என்னும் சொல் பொறுமையையும் குறிக்கும், பூமியையும் குறிக்கும். பொறுமையே வடிவான அந்தப் பூமிப்பிராட்டியும், பாரம் தாங்கவொண்ணாதபோது பசுவின் வடிவெடுத்துப் பிரமனிடம் சென்று முறையிட்டாள் என்று பாகவதம் கூறுகிறது. முறையிடுதல் பொறுமைக்கு முரணாயின் அவள் முறையிட்டிருக்கமாட்டாள். அநியாயத்தை அநியாயம் என்று உரிய இடத்தில் சொல்வது குற்றமன்று. சொல்லி முடித்த பின்னும் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் நோய்.

கூரத்தாழ்வானது சரிதம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. எம்பெருமானாரைக் காக்க அவரது காஷாயத்தைத் தாம் உடுத்துச் சோழன் சபைக்குச் சென்ற ஆழ்வானை, நாலூரானே காட்டிக்கொடுத்தான் என்பது குருபரம்பரை. அங்கே ஆழ்வான் கண்களை இழந்தார். திருவரங்கம் மீண்டபோது, எம்பெருமானார் சம்பந்தமுடையோரை உள்ளே விடலாகாது என்பது அரசாணை. ஆழ்வான் நற்குணமுடையவர் என்பதால் அவரை மட்டும் விடலாம் என்றனர் வாயில் காப்போர். ஆசாரிய சம்பந்தத்தை விட்டுப் பெறும் சேவை வேண்டாமென்று திரும்பி, திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளினார் ஆழ்வான். உண்மையை அணுவளவும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இங்கே நோக்கவேண்டும். அதே ஆழ்வான் பின்னர்க் காஞ்சியில் பேரருளாளன் முன் நின்றார். கண்ணைக் கேட்பார் என்பது எம்பெருமானார் திருவுள்ளம். அவர் கேட்டதோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்பது. நாலூரான் தீங்கு செய்யவில்லை என்று அவர் எங்கும் சொல்லவில்லை. செய்த தீங்கை அவனிடமிருந்து வசூலிக்க விரும்பவில்லை, அவ்வளவே.

ஆழ்வான் நின்ற நிலை நமக்கு எட்டாதது. ஆனால் அதன் முதற்படியை விளங்கிக்கொள்ள நம் பழைய தொழிலே உதவிற்று. வட்டியோ தவணையோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அக்கணக்கை வாராக்கடன் என வகைப்படுத்தும். அதன் பின் கைக்கு வராத வட்டியை வருமானமாக எழுதலாகாது. இன்னும் நாள் கடந்தால் கடனையே கணக்கிலிருந்து நீக்குவதும் உண்டு. அப்படி நீக்குவது வேறு, கடன் தள்ளுபடி வேறு. தள்ளுபடியில் உரிமையே கைவிடப்படும். கணக்கிலிருந்து நீக்கும்போது உரிமை அப்படியே நிற்கும். வராததை வந்ததாக எழுதிவைக்கும் பொய் மட்டும் நிறுத்தப்படும். நாம் ஒவ்வோர் இரவும் செய்துவந்தது அந்தப் பொய்யெழுத்தே. எதிராளி என்றோ ஒருநாள் வெட்கப்படுவார், நம் வாசலில் வந்து வருந்துவார் என்று, வரப்போகாத வட்டியை வருமானமாக எழுதி, அதைக் கொண்டே ஜீவித்திருந்தோம். பேரேடு பருத்தது, கையில் ஒரு காசும் இல்லை.

நிறுத்தலாம் என்றால் ஓர் அச்சம் தடுத்தது. நாமும் மறந்துவிட்டால் நடந்ததற்குச் சாட்சி யார்? துன்புற்றவன் பகையை விடாதிருப்பது பெரும்பாலும் பழிவாங்க அன்று. தான் விட்டால் உண்மையே அழிந்துபோகும் என்று அஞ்சித்தான். இவ்வச்சத்துக்கு மருந்து ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமானிடமே இருக்கிறது. வராக சரம சுலோகத்தின் கருத்தைப் பெரியோர் விளக்குவர்: நலமாயிருக்கும் காலத்தில் தன்னை நினைத்த பக்தன், இறுதியில் நினைவிழந்து கிடக்கும்போது, அவனைத் தான் நினைத்திருந்து நற்கதிக்கு உய்ப்பதாகப் பூமிப்பிராட்டியிடம் வாக்களித்தான் வராகன். அந்திம ஸ்ம்ருதியைப் பற்றியதே அவ்வாக்கு. ஆயினும் நமக்கு அதில் வேறொன்றும் தோன்றிற்று. நினைத்திருக்கும் பொறுப்பையே ஏற்றுக்கொண்டவன் ஒருவன் இருக்க, சாட்சிக்கூண்டில் நாம் ஏன் விழித்திருக்க வேண்டும்?

இங்கே நிறுத்தியிருப்போமாயின் கட்டுரை நமக்கு வசதியாக முடிந்திருக்கும். ஸ்ரீவசனபூஷணம் அப்படி விடவில்லை. நம்மிடம் குற்றம் செய்தவரிடத்தில் நமக்கு இருக்கவேண்டியவை ஐந்து என்று வகுக்கிறார் பிள்ளைலோகாசாரியர். பொறுமை, இரக்கம், நகைப்பு, மகிழ்ச்சி ஆகியவற்றோடு, அவர் செய்தது உபகாரம் என்னும் நினைவையும் ஐந்தாவதாக வைக்கிறார். அவர்கள் நம் தோஷத்தை நமக்கு உணர்த்துகிறார்கள் என்பதே உபகாரம். இதை முதலில் படித்தபோது நூலை மூடிவைத்தோம். பொய்க்குற்றம் சாட்டியவருக்கு நன்றியா?

அந்த நான்காவது கேள்வியைச் சொல்லவில்லையே. “சரக்கு இருந்த கிடங்கை நேரில் சென்று பார்த்தீரா?” என்பதே அது. கிடங்கைப் பார்வையிடுவது விதிப்படி வேறோர் அலுவலரின் கடமை என்று விடையளித்தோம். அது சரியான விடை, நீதிமன்றமும் ஏற்றது. கூட்டுச்சதி என்பது முழுப்பொய். அதில் இன்றும் ஐயமில்லை. ஆனால் பார்த்ததாக எழுதப்பட்ட அறிக்கையில், பாராமலே நாம் கையொப்பமிட்டிருந்தோம். அன்று மாதக்கடைசி, வேலை மிகுதி. ஆண்டுக்கணக்கில் நாம் கோத்துவந்த மறுமொழிகள் அனைத்தும் அந்தக் கையொப்பத்தைச் சுற்றியே வளர்ந்தவை. எதிராளியின் அநியாயம் நம்மை வருத்தியது மெய். உறக்கத்தைக் கெடுத்ததோ இந்தச் சிறு முள். எல்லார்க்கும் இப்படியொரு முள் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. துளியும் பிழையின்றித் துன்புற்றோர் பலர்; அவர்களிடம் போய்த் தன் குற்றத்தைத் தேடச் சொல்வது இரண்டாவது கொடுமை. ஆனால் இருக்கிறவனுக்கு அதை எடுக்காமல் புண் ஆறாது. நாம் வென்றதால் அதை எடுக்க எந்த நீதிமன்றமும் இனி நம்மை அழைக்காது.

சென்ற மாசியில் மீண்டும் ஸ்ரீமுஷ்ணம் சென்றோம். முகமண்டபத்தில் நிற்கும்போதே வழக்கம்போல் நான்காவது கேள்வி எழுந்தது. அதனோடு போராடவில்லை, விதியையும் மேற்கோள் காட்டவில்லை. “இல்லை, பார்க்கவில்லை” என்று பெருமாளிடம் விண்ணப்பித்தோம். எதிராளியின் பெயரையும் சொல்லி, அக்கணக்கு இனித் தேவரீருடையது என்றோம். ஆழ்வானைப்போல் அவருக்கும் நற்பேறு வேண்ட நா எழவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னோம். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தினார். தெற்கே திரும்பிய அச்சிறிய திருமுகத்தை அன்று சேவித்தோம்.

வீடு திரும்பும் வழியில் பழைய நினைவு இருமுறை வந்தது. இனியும் வரும். வரும்போதெல்லாம் அது யாருடைய கணக்கு என்பதை நமக்கே நினைவூட்டிக்கொள்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.